உங்களுக்குத் தெரியுமா? பனியன் ஊரின் ஞாயிற்றுக்கிழமை

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். ஞாயிறு ஒரு நாள்தான் மனுஷனுக்குச் சொந்தம். சினிமா, டிவி, விளையாட்டு, சாமி எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் அடங்க வேண்டும். இந்த வாரத் துணுக்குகள் அந்த நான்கையும் பற்றியவை.

*

கோவைப் பக்கத்துக்குச் சினிமாவைக் கொண்டுவந்தவர் ஒரு ரயில்வே ஊழியர். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படக்கருவியோடு திருச்சிக்கு வந்தார். உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்ப நினைத்த அவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் சுமார் 2,000 ரூபாய்க்கு வின்சென்ட் வாங்கிக்கொண்டார். ரயில்வே வேலையை விட்டுவிட்டு, டென்ட் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். அவரிடம் இருந்தவற்றில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பேசாப்படம். நம் பூட்டன்மார் பலர் திரையில் முதன்முதலாகப் பார்த்த கதை ஒரு சாமி கதை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

1914-ல் அவர் கோவையில் கட்டிய திரையரங்கு வெரைட்டி ஹால். பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆனது. தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.

*

எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்' (1954) கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் படம். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று ஆறு மொழிகளில் அந்தக் கதை படமானது. இந்தியில் திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்த 'ஆசாத்' இதே கதைதான். மூலக்கதை நாமக்கல் கவிஞருடையது.

*

படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரைத் தெரியும். அவர் படங்களில் யானையும் பாம்பும் ஆடும் ஏன் வந்துகொண்டே இருந்தன என்று யோசித்ததுண்டா? உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து சினிமாவுக்கு வந்த கோவைக்காரர் அவர். படிக்காத ஜனங்களுக்கு எது சட்டென்று புரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ராஜேஷ் கன்னாவை வைத்து 1971-ல் அவர் எடுத்த 'ஹாத்தி மேரே சாத்தி' வடநாடு முழுக்க ஓடியது. மறுவருஷம் அதே கதையில் எம்.ஜி.ஆர். நடித்த 'நல்ல நேரம்' வந்தது. அதே 1972-ல் முருகன் கோயில்களை வைத்து 'தெய்வம்' எடுத்தார். மதுரை சோமு அதில் பாடிய மருதமலைப் பாட்டை இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கிடாவெட்டு, காதுகுத்து, கோயில் நோம்பி எதிலும் கேட்கலாம்.

லாபத்தில் முருகனுக்கு ஒரு பங்கு என்று ஒதுக்கி, மருதமலைக்குத் திருப்பணி செய்தவர் அவர். பக்தியை வியாபாரமாக்கினார் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வந்த காசில் சாமிக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பது கொங்கு நாட்டுத் தறிக்காரரும் செய்வது, பனியன் கம்பெனிக்காரரும் செய்வது. தேவர் அதைப் பெரிய அளவில் செய்தார்.

*

அமெரிக்கர்கள் ஆடும் பேஸ்பால் பந்துக்குள் என்ன இருக்கிறது? நூல்! நடுவே ரப்பர் பூசிய சிறு தக்கை. அதன் மேல் மூன்று சுற்றுகளாகக் கம்பளி நூல். கடைசியாகப் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த மெல்லிய நூல் 150 கஜம். எல்லாம் சேர்த்தால் 369 கஜம், அதாவது 337 மீட்டர் வரும். அதன் மேல் எட்டு வடிவில் வெட்டிய இரண்டு தோல் துண்டுகளைப் பொருத்தி, மெழுகு தடவிய சிவப்பு நூலால் தைக்கிறார்கள். இந்தத் தையலுக்கு இன்றுவரை மெஷின் இல்லை. அமெரிக்காவின் பெரிய லீக் ஆட்டங்களுக்கான பந்துகளைக் கோஸ்டாரிகா நாட்டுத் தொழிலாளர்கள் கையால்தான் தைக்கிறார்கள்.

அந்தத் தையல் எத்தனை தெரியுமா? 108 இரட்டைத் தையல்!

1988-ல் வந்த 'புல் டர்ஹாம்' என்ற ஹாலிவுட் படத்தில் கதாநாயகி இதைப் பிடித்துக்கொள்கிறாள். ஜெபமாலையிலும் 108 மணி, பந்திலும் 108 தையல் என்கிறாள். பேஸ்பாலே தன் மதம் என்பது அவள் கட்சி. கணக்கில் ஒரு பிழை உண்டு. கத்தோலிக்க ஜெபமாலையில் வழக்கமாக 59 மணிகள்தாம். 108 மணி நம்மூர் ருத்திராட்ச மாலைக்கும் துளசி மாலைக்கும் உரியது. 108 திவ்ய தேசம், 108 தேங்காய், 108 சங்கு என்று வளர்ந்த நமக்கு அந்தப் பந்து அவளைவிட நெருக்கம். எடையும் சொல்லிவிடுகிறேன். பேஸ்பால் 142 முதல் 149 கிராம் வரை. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை.

*

பேஸ்பால், டிவி, சினிமா, சாமி நான்கும் ஒரே ஆளிடம் கூடிய கதை உண்டு. 2008-ல் இந்தியாவில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு டிவி போட்டி நடந்தது. யார் வேகமாக, குறி தவறாமல் பந்து எறிகிறார்கள் என்று பார்க்கும் போட்டி. 37,000 பேருக்கு மேல் எறிந்து பார்த்தார்கள். ஜெயித்தவர் ரிங்கு சிங், இரண்டாவது தினேஷ் படேல். இருவரும் உத்தரப்பிரதேச கிராமத்துப் பையன்கள், ஈட்டி எறிந்து பழகியவர்கள், பேஸ்பாலைக் கண்ணாலும் பார்க்காதவர்கள். அதே வருஷம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014-ல் டிஸ்னி இதைப் படமாக எடுத்தது. இசை நம் ஏ.ஆர். ரஹ்மான்.

ரிங்குவின் ஊர் பதோகி மாவட்டத்தில். பதோகி கம்பளம் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊர், ஏறக்குறைய நம் திருப்பூரின் அண்ணன். காயத்தால் பேஸ்பாலை விட்ட ரிங்கு, 'வீர் மகான்' என்ற பெயரில் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்குப் போனார். நெற்றியில் பட்டை, கழுத்தில் ருத்திராட்சம். வேஷம் என்பார்கள். உலகமே பார்க்கும் மேடையில் வீட்டுச் சாமியின் அடையாளத்தோடு நிற்க ஒரு துணிச்சல் வேண்டும் என்பது என் எண்ணம்.

*

உடம்பு ஒரு நிறம், கை வேறு நிறம் என்று வரும் டி-ஷர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அது பேஸ்பால் ஆட்டக்காரர்களின் உடையிலிருந்து வந்தது. நம் கட்டிங் மாஸ்டர்கள் 'ரேக்லன்' என்பார்கள். 1815 வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ஆங்கிலேயத் தளபதி ரேக்லன் பிரபுவின் பெயர் அது. தோள்பட்டையில் தையல் இருக்காது. கழுத்திலிருந்து அக்குள் வரை சரிவாக இறங்கும். கையை வீசி எறிய வாகாக இருக்கும்.

பவர் டேபிளில் இதைத் தைக்கிற அக்காவின் கையைக் கவனியுங்கள். கைத் துண்டின் முன்சரிவும் பின்சரிவும் ஒரே அளவு இல்லை. மாற்றி ஓவர்லாக் போட்டால் கழுத்து முறுக்கிக்கொள்ளும், பீஸ் செக்கிங்கில் திரும்பி வரும். அவர் துண்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை. விரலால் தடவியே எது முன்பக்கம் என்று சொல்லிவிடுகிறார். பேஸ்பால் ஆட்டம் ஒன்றுகூடப் பார்த்திராத விரல்கள்!

*

தூர்தர்ஷனில் 'ராமாயண்' 1987 ஜனவரி 25-ல் தொடங்கியது. ஞாயிறு காலை, இந்தியில். எங்கள் வீதியில் டிவி இருந்த வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிடும். எங்கள் அம்மாயிக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ராமன் காட்டுக்குப் போனபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

*

சூலூர் பக்கம் காசிகவுண்டன்புதூரில் பிறந்த நடிகர் சிவகுமார் 'கந்தன் கருணை'யில் (1967) முருகன், சன் டிவியின் 'சித்தி'யில் ராதிகாவின் கணவர், வயதான காலத்தில் மேடையில் கம்பராமாயணம் சொன்னவர். ஓவியராகத் தொடங்கியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

காங்கயம் பக்கத்தில் சிவன்மலை முருகன் கோயிலில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். பக்தர் கோயிலில் வந்து சொல்ல, சாமி முன்னால் பூப் போட்டுக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும். அடுத்த பக்தரின் கனவு வரும்வரை அதுதான் இருக்கும். மஞ்சள், மண், தண்ணீர் என்று பலதும் இருந்திருக்கின்றன. பொருள் மாறினால் அன்றைக்கே டிவி செய்தி. பஞ்சு விலையும் டாலர் விலையும் கைமீறிக் கிடக்கிற தொழிலில், பெட்டியை எட்டிப் பார்க்க வருகிறவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

*

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திருப்பூர் தமிழன்ஸ் முதன்முதலாகக் கோப்பை வென்றது 2025 ஜூலை 6-ல். இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. கேப்டன் சாய் கிஷோர். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

*

கடைசியாக ஒன்று. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தொழிலாளிக்கு எழுதித் தரப்பட்ட உரிமை. ஷிப்மென்ட் நெருக்கும்போது முதலில் காணாமல் போவதும் அந்த நாள்தான். கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சீசன் எவ்வளவு கடுமையானாலும் ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்துங்கள். உங்கள் டெய்லர் பிள்ளைகளோடு ஒரு படம் பார்க்கட்டும், சிவன்மலை போய் வரட்டும், சர்ச்சுக்குப் போகட்டும், வீட்டில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கட்டும்.