பக்கத்து ஊரின் பங்கு

அமெரிக்காவின் மினசோட்டா ராஜ்யத்தில், மிஸிஸிப்பி நதியை ஒட்டி வளர்ந்த மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களைச் சுற்றி, இரண்டாவது மகாயுத்தத்துக்குப்பின் தோன்றிய புறநகர்களில், வீடு கட்டியவர்கள் பலர் தத்தம் மனையிலேயே குடிநீருக்கு ஒரு கிணறும் கழிவுநீருக்கு ஒரு செப்டிக் டாங்கும் அமைத்துக்கொண்டார்கள். டாங்கின் நீர் மெல்லக் கசிந்து கிணற்றைச் சேர்ந்தது. 1959-இல் சுகாதார இலாகா சோதித்தபோது, ஏராளமான கிணறுகள் கெட்டிருப்பது வெளிப்பட்டது. பொதுச் சாக்கடை போடலாமென்றால், யார் எவ்வளவு கொடுப்பது என்ற வாதத்திலேயே வருஷங்கள் கழிந்தன. கடைசியில், 1967-இல் ராஜ்யச் சட்டசபை இரட்டை நகரப் பிரதேசத்தின் ஏழு ஜில்லாக்களுக்கும் பொதுவாக மாநகரக் கவுன்சில் ஒன்றை நிறுவியது. இரண்டு ஆண்டுகளில் சாக்கடை நிர்வாகமும் அதன் மேற்பார்வைக்குள் வந்தது.

சாக்கடைக்காக ஒன்றுகூடிய ஊர்கள் நிலத்தின் விஷயத்தில் அவ்வளவு எளிதாக ஒன்றுகூடவில்லை. கடைவீதியையும் தொழிற்சாலையையும் தன் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளவும், எளியவர்களின் சிறு வீடுகளை அடுத்த ஊர்ப் பக்கம் தள்ளிவிடவுமே நகரசபைகள் முனைந்தன. இதைச் சுயநலம் என்று நிந்திப்பது நியாயமாகாது. ஸ்தல ஸ்தாபனங்கள் பெரிதும் சொத்துவரியை நம்பியே நடப்பவை, தொழிற்சாலையோ வரி கட்டுமே தவிரப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க, அனோகா ஜில்லாவைச் சேர்ந்த சட்டசபை அங்கத்தினர் சார்லஸ் வீவர் முன்னின்று நிறைவேற்றிய 1971-ஆம் வருஷத்துச் சட்டம் ஓர் அருமையான உபாயத்தைக் கண்டது. அவ்வாண்டுக்குப் பிறகு எந்த ஊரிலும் வியாபார, தொழில் சொத்துக்களின் வரிமதிப்பு எவ்வளவு பெருகுகிறதோ, அதில் 40 சதவிகிதம் பொதுக் கணக்கில் சேர்ந்து, ஜனத்தொகையையும் சொத்துவளத்தையும் அனுசரித்து, வளம் குறைந்த ஊர்களுக்குக் கூடுதலாகப் பங்கிடப்படுகிறது. புறநகர்களில் ஒன்றான பர்ன்ஸ்வில் இச்சட்டத்தை எதிர்த்து வழக்காடிப் பார்த்தது. ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் 1974-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1992-இல் மற்றொரு புறநகரான ப்ளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா என்ற மாபெரும் வர்த்தக மாளிகை திறக்கப்பட்டபோது, அதனால் பெருகிய வரிமதிப்பில், அந்த மாளிகையின் நிழல்கூட விழாத ஊர்களுக்கும் பங்கு கிடைத்தது.

ஒவ்வோர் ஊரும் தன் நிலத் திட்டத்தைக் கவுன்சிலின் பரிசீலனைக்கு வைக்கவேண்டும் என்ற சட்டம் 1976-இல்தான் பிறந்தது. இந்த வரிசையே சரியானது என்பது என் அபிப்பிராயம்: வருமானத்தில் பங்கில்லாத அண்டை ஊரிடம் திட்டத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கச் சொன்னால், அது எப்படி இசையும்? எஞ்சிய 60 சதவிகிதத்துக்காகப் போட்டி இன்னும் நடக்கிறது என்பது உண்மையே. ஆயினும் என் மனம் ஒப்பாதது வேறொன்று: இத்தனை ஊர்களின் நிலத்தைப்பற்றி அபிப்பிராயம் சொல்லும் கவுன்சிலின் அங்கத்தினர்களை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவர்னர் நியமிக்கிறார்.