தொழிலாளரும் வெயிலும்

சானமாவுக் காட்டுக்கு வந்து போகும் யானைகளைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். அருகே ஓசூர்த் தொழிற்சாலைகளில் பகலெல்லாம் கூரைக்கடியில் நிற்கும் தொழிலாளருக்கு வெயில் கிட்டுகிறதா என்று கேட்பார் அரியர். நாம் கேட்கிறோம்.

வெயிலால் சருமத்தில் உண்டாகும் வைட்டமின் டி என்னும் ஜீவசத்து எலும்புக்கு மட்டுமே உரியதென நெடுங்காலம் எண்ணினர். சரீரத்தைக் காக்கும் அணுக்கள் வரம்பு மீறிச் சொந்த சரீரத்தையே தாக்காமல் அடக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட சோதனையில், தினம் 2,000 யூனிட் வீதம் ஐந்தாண்டு உட்கொண்டவர்களிடையே முடக்குவாதம், ஸோரியாஸிஸ் போன்ற வியாதிகள் 22 சதவீதம் குறைவாகத் தோன்றின. அவர்கள் யாவரும் 50 வயதை எட்டியோர் என்பதை மறத்தலாகாது. மாத்திரையை நிறுத்திய இரண்டாண்டில் பலனும் மங்கிற்று. வந்துவிட்ட வியாதியை அது தீர்க்குமா என்பது வேறு விஷயம். மாத்திரை வியாபாரிகள் இரண்டையும் கலந்து பேசுவது சரியன்று.

இளங்காலை வெயிலே உத்தமம் என்பது நம்மவர் நம்பிக்கை. திருப்பதியில் நடந்த ஆராய்ச்சியோ, 11 மணி முதல் 2 மணி வரை அடிக்கும் வெயிலிலேயே இச்சத்து மிகுதியாக உண்டாகிறதென்று காட்டிற்று. ஓசூரின் அட்சரேகையும் அதற்கு அருகிலுள்ளதே. ஆனால் அந்நேரத்தில்தான் தொழிலாளர் யந்திரத்தருகே நிற்கின்றனர்! உணவு இடைவேளையில் சிறிது நேரமேனும் திறந்த முற்றத்தில் இருக்க முதலாளிகள் இடமும் அவகாசமும் தரவேண்டுமென வற்புறுத்துகிறோம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.