நத்தை ஓட்டில் குடித்தனம்

கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளின் எல்லைகளைத் தொட்டு ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் டாங்கன்யிகா ஏரி, சுமார் 1,470 மீட்டர் ஆழம் கொண்டது. உலகின் நன்னீர் ஏரிகளுள் பைக்காலுக்கு அடுத்தபடியாக ஆழமானது இதுவே. இந்த ஏரிக்கே உரிய நியோதாமா என்னும் நத்தை இறந்த பிறகும் அதன் ஓடு எளிதில் கரைந்து போவதில்லை. நீர் காரத்தன்மை மிக்கதாகவும் கார்பனேட் உப்புகள் நிறைந்ததாகவும் இருப்பதே அதற்குக் காரணம். ஆகவே, ஏரித்தரையின் மணல்வெளிகளில் பல இடங்களில் வெற்று ஓடுகள் படுகை படுகையாகச் சேர்ந்து கிடக்கின்றன. ஒதுங்குவதற்குப் பாறையோ செடியோ இல்லாத அந்த வெளியில், விரல் நீளம்கூட இல்லாத சில மீன்கள் இந்த ஓடுகளையே உறைவிடமாகவும் பேறுகால அறையாகவும் ஆக்கிக்கொண்டிருக்கின்றன. ஏஞ்சல், ஆஸ்கார் முதலிய வளர்ப்பு மீன்கள் அடங்கிய சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த இவை, ஓடுவாழ் சிக்லிட்டுகள் எனப்படுகின்றன.

இவற்றுள் சிறு தொட்டிக்கு மிகவும் ஏற்றது, வளர்ப்போர் சுருக்கமாக ‘மல்ட்டி’ என்றழைக்கும் நியோலாம்ப்ரோலோகஸ் மல்ட்டிஃபேசியேட்டஸ். ஆண் 5 சென்டிமீட்டரை எட்டுவது அரிது. பெண் அதனினும் சிறியது. உடல் முழுவதும் மெல்லிய குறுக்குக் கோடுகள் ஓடும் இம்மீன் கூட்டமாக வாழ்வதால், வளர்ந்த குஞ்சுகளும் பெற்றோருடன் ஒரே குடியிருப்பில் தங்கிவிடுகின்றன. லாம்ப்ரோலோகஸ் ஒசெலேட்டஸ் என்னும் மற்றொரு வகை அளவில் சிறியதாயினும் சண்டைக் குணம் மிகுந்தது. தன் ஓட்டருகே வரும் மனிதக் கையையும் கடிக்கத் தயங்காத இம்மீனில் ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களுமே சிறு தொட்டிக்குப் போதும். லாம்ப்ரோலோகஸ் கல்லிப்டெரஸ் என்னும் வகையிலோ ஓட்டுக்குள் நுழைந்து முட்டையிடுவது பெண் மட்டுமே. அதைவிடப் பன்னிரண்டு மடங்கு வரை எடை மிகுந்த ஆண், ஓடுகளை வாயில் கவ்வி வந்து ஓரிடத்தில் குவித்துக் காவல் இருக்கும்.

இம்மீன்களின் வாழ்க்கை தரையை ஒட்டியே நடப்பதால், தொட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைவிடத் தரைப்பரப்பையே கருத வேண்டும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு உயரமும் உள்ள தொட்டி, அதாவது விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர் கொள்ளும் தொட்டி, ஒரு மல்ட்டிக் குடியிருப்புக்குப் போதுமானது. இதில் 6 சென்டிமீட்டர் கனத்துக்கு மணல் பரப்புவதற்கு ஏறத்தாழ 16 கிலோ மணல் தேவைப்படும். மீன் மணலை வாயால் அள்ளி உமிழ்வதால் மணல் நைசாக இருக்க வேண்டும். கூர்முனைச் சரளைக் கற்கள் கூடவே கூடாது. சலித்து, கலங்கல் நீங்கும்வரை அலசிய ஆற்று மணலுடன் நொறுக்கிய கிளிஞ்சலைச் சிறிதளவு சேர்த்தால், அது மெல்ல மெல்லக் கரைந்து நீரின் காரத்தன்மை இறங்கிவிடாமல் காக்கும்.

நியோதாமா ஓடு கிடைக்காத இடங்களில், அளவிலும் வடிவிலும் அதை ஒத்த எந்த நத்தையின் ஓடும் பயன்படும். வயல்களிலும் குளங்களிலும் கிடைக்கும் பெரிய நத்தையின் காலி ஓடுகளைக் கொதிக்கவைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் அழுகிய சதையை முற்றிலும் நீக்கிய பின் இடலாம். கடற்கரைக் கடைகளில் வார்னிஷ் பூசி விற்கப்படும் சங்குகளை மட்டும் தவிர்ப்பது நல்லது. ஒரு மீனுக்கு மூன்று ஓடுகளேனும் இருந்தால் இடத்துக்கான சண்டை குறையும். ஓடுகளை அழகுபார்த்து அடுக்க வேண்டியதில்லை. சற்றே சிதறலாகப் போட்டுவிட்டாலே போதும். மல்ட்டி, வாய் நிறைய மணலை எடுத்துச் சில சென்டிமீட்டர் தள்ளிச் சென்று துப்பும். மறுபடியும் வந்து அள்ளும். இவ்வாறு இடைவிடாமல் தோண்டித் தன் ஓட்டைச் சுற்றி ஒரு குழியையும் அதன் கரையில் ஒரு மேட்டையும் உருவாக்கிவிடும். ஒசெலேட்டஸ் செய்வது இதற்கு நேர்மாறு. ஓட்டின் அடியில் மணலைப் பறித்து அதை உள்ளே இறக்கி, வாய்ப்பகுதி மட்டும் தரைமட்டத்தில் தெரியும்படி புதைத்துவிடும்.

நீரைப் பொறுத்தவரை, அமில கார அளவைக் குறிக்கும் பிஎச் 8 முதல் 9 வரையிலும், வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலும் இருப்பது இம்மீன்களுக்கு உகந்தது. மற்ற மீன் வளர்ப்போருக்குத் தலைவலியாக இருக்கும் கடினமான ஆழ்துளைக் கிணற்று நீர் இங்கே வரமாகிறது. ஆயினும் பேச்சு வழக்கில் ‘உப்புத் தண்ணீர்’ எனப்படும் எல்லா நீரும் இதற்குப் பொருந்தாது. கடலோரப் பகுதிகளில் நீர் கரிப்பதற்குச் சாப்பாட்டு உப்பு காரணமாக இருக்கக்கூடும். மீனுக்கு வேண்டியவையோ கால்சியம், மக்னீசியம், கார்பனேட் ஆகியவை. எனவே மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கருவியால் நீரின் கடினத்தன்மையை அளந்து பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளிகளில் ஹீட்டருக்குப் பெரும்பாலும் வேலை இராது; கோடையில் நீர் சூடேறுவதே சிக்கல். அப்போது நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால், ஆவியாதல் மூலம் வெப்பம் சில டிகிரி தணியும். ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, உப்புகள் தங்கிவிடுகின்றன. ஆகவே குறைந்த அளவை ஈடுசெய்ய மறுபடியும் கடின நீரை ஊற்றாமல், மழைநீரையோ ஆர்ஓ நீரையோ ஊற்ற வேண்டும்.

தொட்டி தயாரான அன்றே மீனை விடுவதுதான் தொடக்கநிலையில் பலரும் செய்யும் பெருந்தவறு. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் பெருகி நிலைபெற வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கார நீரில் இந்தக் காத்திருப்பு இன்னும் இன்றியமையாதது. ஏனெனில் 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் 100இல் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்க, பிஎச் 9 உள்ள நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நச்சு வடிவாகிவிடுகிறது. ஆகவே மற்றத் தொட்டிகளில் மீன் தாங்கிக்கொள்ளும் சிறு கவனக்குறைவும் இங்கே உயிரைப் பறிக்கக்கூடும். வடிகட்டுவதற்கு, காற்று பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே மேல். மோட்டார் ஃபில்டர்களுக்குள் நைசான மணல் புகுந்து பழுதாக்கும் என்பதோடு, அவை குஞ்சுகளையும் இழுத்துவிடும்.

ஆண் பெண் வேற்றுமை இளம் பருவத்தில் புலப்படாததால், ஆறு முதல் எட்டு வரையிலான இளம் மீன்களாக வாங்குவதே முறை. ஆர்டீமியாக் குஞ்சுகள், நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியா, பொடியான குருணைத் தீவனம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக நாளைக்கு இருமுறை இட்டால் போதும். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய்நீராயின் குளோரினை முறிக்கும் மருந்தைக் கலந்த பின்பே ஊற்ற வேண்டும்.

பெண் மீன் ஓட்டின் உட்சுவரில் முட்டையிடுவதால், அது நடந்ததே வெளியில் தெரியாது. ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாட்கள் கழித்து, ஓட்டின் வாயருகே கண்ணும் வாலுமாக மட்டும் தெரியும் குஞ்சுகள் எட்டிப் பார்க்கும்போதே செய்தி வெளியாகிறது. பெற்றோர் அவற்றைத் தின்பதில்லை என்பதால் குடியிருப்பு விரைவில் பெருகும். மிகுதியான மீனை வலையால் துரத்திப் பிடிக்க முயல்வது வீண். அது ஒளிந்திருக்கும் ஓட்டையே நீருடன் எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம்.

மிகுந்தவற்றை மற்ற வளர்ப்போருக்கோ கடைகளுக்கோ கொடுத்துவிடலாமேயன்றி, ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடலாகாது. இதே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜிலேபி என்னும் பெயரில் நீர்நிலைகளெங்கும் பரவி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடின நீரும் நத்தை ஓடுகளும் தாராளமாக உள்ள நாட்டில், இன்னொரு ஆப்பிரிக்க மீனுக்கு அத்தகைய வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.