விலங்குகளை அறிதல்: சிறு குழந்தைகளின் விளையாட்டும் வெளியுலாவும்

ஒன்றரை வயதுக் குழந்தை தெருவில் செல்லும் பசுவைக் கண்டு ‘லொள் லொள்’ என்கிறது. ஆட்டையும் அவ்வாறே அழைக்கிறது. இதைக் குறைபாடாகக் கருதிப் பெற்றோர் கவலைப்படுவதுண்டு. உண்மையில் இது வளர்ச்சியின் அடையாளம். நான்கு கால், வால், தானே நகரும் உடல் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு வகையை அக்குழந்தை தன் மனத்தில் உருவாக்கியிருக்கிறது. ‘இது மாடு, மா என்று கத்தும்’ என்று பொறுமையாகச் சொல்லி வந்தால் போதும். வேறுபாடுகள் நாளடைவில் விளங்கிவிடும்.

பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, குழந்தை விரல் நீட்டும் திசையில் பெரியவரும் சேர்ந்து பார்ப்பதே இங்கு முதன்மையானது. ஒரே பொருளை இருவரும் நோக்கும் அந்தக் கணத்தில்தான் சொல்லும் பொருளும் குழந்தையின் மனத்தில் இணைகின்றன. கைப்பேசித் திரையில் ஓடும் விலங்குப் படம் குழந்தையின் விரலைப் பின்தொடர்ந்து பதில் சொல்வதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் திரை முன் அமர்த்துவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் சுட்டிக்காட்டாமல் இருந்தாலோ, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

விளையாட்டுக்கு விலை உயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. தந்தையின் முதுகு யானையாகும். களிமண் உருண்டை பசுவாகும். குருவிபோல் தத்துவதும் தவளைபோல் தாவுவதும் கால் தசைகளுக்கும் உடல் சமநிலைக்கும் நல்ல பயிற்சி.

வெளியுலா என்றதும் பலரும் வண்டலூர் உயிரியல் பூங்காவை நினைக்கின்றனர். சுமார் 600 ஹெக்டேர் பரப்புள்ள அப்பூங்கா மூன்று வயதுக் குழந்தையின் கால்களுக்கு மிகப் பெரிது. சென்றால் நான்கைந்து விலங்குகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புலியைக் காட்ட அழைத்துச் சென்ற குழந்தை காலடியில் ஊரும் எறும்பு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தால், இழுத்துச் செல்ல வேண்டாம், அதுவும் கற்றல்தான். இவ்வயதில் பக்கத்துத் தெரு மாட்டுத் தொழுவமும் குளக்கரைக் கொக்கும் பூங்காவுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

விலங்கைத் தொட்ட பிறகும், உணவுக்கு முன்பும் சோப்பிட்டுக் கை கழுவுவதைப் பழக்குங்கள். சந்தைகளில் விற்கப்படும் சாயமேற்றிய கோழிக்குஞ்சுகளை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கையில் கொடுக்க வேண்டாம். நலமாகத் தோன்றும் குஞ்சின் எச்சத்திலும் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும்.

படப் புத்தகத்தின் நாய் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும். பொம்மை நாயின் வாலை இழுத்தாலும் அது சீறாது. எனவே உயிருள்ள நாயையும் குழந்தை அவ்வாறே கட்டிப்பிடிக்க முயல்கிறது. உயரம் குறைவாதலால் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழுகிறது. உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டிகளுடன் இருக்கும் நாய் ஆகியவற்றின் அருகில் செல்லக்கூடாது என்பதை விளையாட்டாகவே கற்பிக்கலாம். தெரியாத நாய் நெருங்கினால் ஓடாமல், கைகளை உடலோடு ஒட்டி, மரம்போல அசையாமல் நிற்கும் ‘மரம் விளையாட்டு’ மூன்று, நான்கு வயதில் எளிதில் பழகிவிடும். கோயில் குரங்குகளின் முன் தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்கவும் விடாதீர்கள். வீட்டு நாயே ஆனாலும் சிறு குழந்தையுடன் அதைத் தனியே விட வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கீறலோ கடியோ நேரலாம். வெளிநோயாளர் பிரிவில் நான் அடிக்கடி கேட்பது, ‘மூன்று நாள் கழித்துக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன்’ என்பது. நாயிடம் போகாதே என்று முன்பு அடி வாங்கிய குழந்தை, கடிபட்டதை மறைத்துவிடுகிறது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே ‘எந்த விலங்கு கீறினாலும், நக்கினாலும் என்னிடம் சொல், திட்டமாட்டேன்’ என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லி வைப்பதும், அவ்வாறே நடந்துகொள்வதும் தடுப்பூசிக்கு இணையான பாதுகாப்பு என்பது என் கருத்து.

காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் இடக்கூடாது. இறுகக் கட்டவும் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லுங்கள். தடுப்பூசி அங்கு இலவசம். தோலுக்குள் இடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களிலும் போடப்படும். தொப்புளைச் சுற்றி ஊசி போடும் பழைய முறை இப்போது இல்லை; கையிலோ, சிறு குழந்தைக்குத் தொடையிலோதான் போடப்படும். இரத்தம் கசியும் காயமாயின் காயத்தைச் சுற்றி எதிர்ப்புரதமும் செலுத்த வேண்டியிருக்கும். பூனை, குரங்கு கடித்தாலும் இதே சிகிச்சைதான். கடிபட்டது சில நாள்கள் கழித்துத் தெரியவந்தாலும், காலம் கடந்துவிட்டதென்று இருந்துவிடாமல் அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும். எங்குச் செல்வது என்ற ஐயம் இருப்பின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.