கணினி விளையாட்டு நிலப்படங்களில் ஆறும் நிலவுருவாக்கமும்

திறவுச்சொற்கள்: நிலவுருவாக்கம், இரைச்சல் சார்பு, நீர்ப்பிடிப்புப் பரப்பு, ஆற்றரிப்பு

முன்னுரை

கணினி விளையாட்டின் நிலப்பரப்பை ஓவியர் வரைந்து அமைப்பது ஒருமுறை. வகுக்கப்பட்ட விதிகளைக் கொண்டு கணினியே ஆக்கிக்கொள்வது மற்றொரு முறை. இரண்டாம் முறையில் மலையும் சமவெளியும் எளிதில் அமைந்துவிடுகின்றன. ஆறு மட்டும் அவ்வாறு அமைவதில்லை. இதற்கான காரணத்தையும் கையாளப்பட்ட வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரைச்சலால் ஆன நிலம்

'டிரான்' (1982) திரைப்படத்தில் பணியாற்றிய கென் பெர்லின் உருவாக்கி 1985இல் ஆய்வுரையாக வெளியிட்ட இரைச்சல் சார்பே இத்துறையின் அடிப்படைக் கருவியாக உள்ளது. ஒலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒழுங்கற்றதாகத் தோன்றினும் புள்ளிக்குப் புள்ளி இழைவாக மாறும் எண்களையே இப்பெயர் குறிக்கிறது. இவ்வெண்களைப் பல அளவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயரங்களாகக் கொண்டால் மலைத்தொடர் போன்றதொரு பரப்பு கிடைக்கும். ஒரு புள்ளியின் உயரத்தை அறிய அதன் ஆயத்தொலைகளும் தொடக்க எண்ணும் போதும். அண்டைப் புள்ளியை அறிய வேண்டியதில்லை. எல்லையற்ற உலகங்களைத் துண்டு துண்டாக ஆக்க முடிவது இதனால்தான்.

ஆற்றுக்கு இடமில்லாமல் போவதும் இதனால்தான். ஓரிடத்தில் ஓடும் நீரின் அளவு, அதற்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பு முழுவதையும் பொறுத்தது. மேலும், இரைச்சல் நிலம் வெளியேறும் வழியற்ற குழிகளால் நிறைந்தது. இயற்கையில் அத்தகைய குழிகளைப் பெரும்பாலும் வண்டல் நிரப்பிவிடும். அல்லது வழிந்தோடும் நீர் விளிம்பை அறுத்துவிடும். இரைச்சல் நிலத்தில் விடப்பட்ட ஆறோ சில அடிகளிலேயே குழியில் விழுந்து நின்றுவிடும். 16×16 கட்டங்கள் கொண்ட துண்டுகளாக உலகை ஆக்கும் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் ஆறுகள் கடல்மட்டத்திலேயே கிடக்கின்றன. மலையிலிருந்து இறங்கி வருவதில்லை. அவற்றை ஆறு என்பதைவிட, நிலத்துள் புகுந்த கடற்கால் என்பதே பொருந்தும்.

அரிப்பின் கணக்கு

புவிப்புறவியலார் பயன்படுத்தும் சமன்பாடு ஒன்று இங்கு உதவுகிறது. ஆற்றின் அரிப்பு வேகம், நீர்ப்பிடிப்புப் பரப்பின் ஓர் அடுக்கையும் படுகையின் சரிவையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப அமைகிறது. அவ்வடுக்கைப் பெரும்பாலும் அரை (வர்க்கமூலம்) எனக் கொள்வர். பரப்பு 100 மடங்கானால், அதே அரிப்பை நிகழ்த்தப் பத்தில் ஒரு பங்கு சரிவு போதும். ஆறு தலைப்பகுதியில் செங்குத்தாகவும் கழிமுகத்தை அணுகுகையில் தட்டையாகவும் கிடப்பது இதனால்தான். எங்கும் ஒரே கரடுமுரடு கொண்ட எளிய இரைச்சல் நிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. 2016இல் கோர்டோனியே குழுவினர் நிலத்தின் மேலெழும்பலையும் இவ்வரிப்பையும் எதிரெதிரே இயங்கவிட்டு, கிளைபிரியும் பள்ளத்தாக்குகளைக் கொண்ட மலைத்தொடர்களை ஆக்கிக் காட்டினர்.

ஆறு முன், மலை பின்

வரிசையையே தலைகீழாக்கியோரும் உண்டு. 1988இல் கெல்லி, மாலின், நீல்சன் ஆகியோர் முதலில் நீரோட்ட வலையை அமைத்து, அதன்மேல் நிலப்பரப்பைப் பொருத்தினர். 2013இல் ஜெனவோ குழுவினர் ஆற்று வலையைக் கழிமுகத்திலிருந்து மேல்நோக்கி வளர்த்தனர். மலைகள் அவ்வாறுகளின் இடைவெளியை நிரப்புவனவாக அமைந்தன. அமித் பட்டேல் 2010இல் விளக்கிய தீவு ஆக்கமுறை இவற்றினும் எளியது. அதில் உயரம் என்பது கடற்கரையிலிருந்துள்ள தொலைவு மட்டுமே. ஆகவே குழியே உண்டாவதில்லை, எங்குத் தொடங்கிய ஆறும் கடலை அடைந்தே தீரும். இயற்கைக்கு முரணான எடுகோள்தான். எனினும் விளையாட்டுக்குப் போதுமானது.

இம்முறைகளுக்கு ஒரு விலை உண்டு. கடற்கரை எது, வடிநிலத்தின் எல்லை எது என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். எனவே எல்லையற்ற உலகிற்கு இவை அப்படியே பொருந்துவதில்லை. 2006இல் வெளிவந்த 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' எல்லையுள்ள உலகையே தேர்ந்துகொண்டது. அது மலையடிகளிலிருந்து சோதனை ஆறுகளை ஓடவிட்டு நிலத்தை அரிக்கச் செய்து, அதன் பின்னரே நிலையான ஆறுகளை அமைக்கிறது. இத்தகைய உலகில் வழிதவறிய ஆட்டக்காரர் நீரோட்டத்தைப் பின்தொடர்ந்தால் பள்ளத்தாக்கின் வழியே கடலை நோக்கிச் செல்ல முடியும். இரைச்சல் ஆற்றைத் தொடர்பவர் எங்கு நிற்பார் என்பது தொடக்க எண்ணைப் பொறுத்தது.