நாளை ஆனவண்டி ஓடுமா?

நள்ளிரவு 12 மணிக்குப் பொது வேலைநிறுத்தம் தொடங்குகிறது. அதற்குள் இந்தப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். இரண்டு நாளாக வரும் கடிதங்களோ ஒன்றுக்கொன்று முரணான செய்திகளை மேற்கோள் காட்டி ஒரே கேள்வியைக் கேட்கின்றன: திருவனந்தபுரத்தில் நாளை பஸ் உண்டா, இல்லையா?

குழப்பத்துக்கு வாசகர்கள் காரணமல்ல. இன்று, 2025 ஜூலை 8, கேரளத்தில் தனியார் பஸ் முதலாளிகளின் அடையாள வேலைநிறுத்தம். மாணவர் கட்டணத்தை உயர்த்தக் கேட்கிறார்கள். நாளை, ஜூலை 9, பத்து மத்தியத் தொழிற்சங்கங்களின் நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் திரும்பப் பெறக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. இன்றைய வேலைநிறுத்தத்தை திருவனந்தபுரம் பெரிதாக உணரவில்லை, ஏனென்றால் இந்த நகரத்தின் பஸ்களில் பெரும்பாலானவை அரசுடையவை. அதனாலேயே நாளையது இங்கே உறைக்கும். ‘செவ்வாய்க்கிழமை நன்றாகத்தானே ஓடியது’ என்று புதன்கிழமைக்குத் திட்டம் போடாதீர்கள்.

இனி, எல்லோரும் அனுப்பியிருக்கும் அந்தச் செய்தி. நாளை கேரள அரசின் கேஎஸ்ஆர்டிசி பஸ்கள் ஓடும் (இரட்டை யானை முத்திரையால் மலையாளிகள் வைத்த செல்லப்பெயர்தான் ஆனவண்டி) என்கிறார் கேரளப் போக்குவரத்து அமைச்சர் கே.பி.கணேஷ்குமார். சங்கங்கள் நோட்டீஸ் தரவில்லை, ஊழியர்களுக்கும் குறை இல்லை என்பது அவர் வாதம். நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, ஊழியர்கள் வேலைக்கு வர மாட்டார்கள் என்கிறார் டி.பி.ராமகிருஷ்ணன். இவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ஆளும் இடது ஜனநாயக முன்னணியின் அமைப்பாளர், சிஐடியு தொழிற்சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். ஒரே அணிக்குள் ஒருவர் வண்டி வரும் என்கிறார், இன்னொருவர் வராது என்கிறார். பெட்டியைக் கட்டி வைத்திருப்பவர் எதை நம்புவது?

இந்த நோட்டீஸ் விவகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, பொதுப் பயன்பாட்டுச் சேவையில் இருப்பவர்கள் முன்னறிவிப்பு தராமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. தந்த பிறகும் 14 நாள் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு வேலை கொடுப்பவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அமைச்சர் பிடித்துத் தொங்குவது இந்த நூலைத்தான். இந்த வேலைநிறுத்தம் முதலில் மே 20க்கு அறிவிக்கப்பட்டு, பஹல்காம் தாக்குதலும் அதன்பின் எல்லையில் மூண்ட மோதலும் காரணமாக ஜூலை 9க்குத் தள்ளிவைக்கப்பட்டது. நாடு முழுக்க ஒன்றரை மாதமாகத் தெரிந்த தேதி, சம்பந்தப்பட்ட மேஜைக்கு மட்டும் வந்து சேரவில்லையாம். கல்யாணம் ஊருக்கே தெரியும், எனக்குப் பத்திரிகை வரவில்லை என்று சொல்லும் தாய்மாமன் கதைதான்.

ஆனால் நோட்டீஸ் வரவில்லை என்ற அமைச்சரின் பேச்சில் ஒரு கணக்கு இருக்கிறது. நோட்டீஸ் இல்லையென்றால் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகிவிடும். அப்போது கையில் எடுக்க ஒரு கருவி உண்டு. கேரளத்தில் வேலைநிறுத்தம் என்றாலே கூட ஒட்டிக்கொண்டு வரும் சொல் அது: ‘டைஸ்நான்’. லத்தீன் சொல். கணக்கில் வராத நாள் என்று பொருள். அன்று வராதவருக்குச் சம்பளம் இல்லை, அந்த நாள் பணிக்காலத்திலும் சேராது, ஆனால் வேலையும் போகாது. காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அப்படியொரு நாளே வரவில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வது போல. கடந்த பிப்ரவரி 4இல் ஐஎன்டியுசி சார்பு சங்கம் நடத்திய 24 மணி நேர வேலைநிறுத்தத்தின்போதும் கேஎஸ்ஆர்டிசி நிர்வாகம் இதைத்தான் நீட்டியது.

அரசு இதைக் கடுமையான நடவடிக்கை என்று சொல்லும். எவ்வளவு கடுமை என்பதற்கு ஒரு பழைய கதை. 2019 ஜனவரி 8, 9 தேதிகளில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட அரசு ஊழியர்கள், அந்த இரண்டு நாளையும் தங்களுக்குரிய விடுப்பில் கழித்துக்கொள்ளலாம் என்று கேரள அரசே பின்னர் உத்தரவு போட்டது. அதாவது சம்பளத்தோடு. அந்த உத்தரவை உயர் நீதிமன்றம் 2021இல்தான் ரத்து செய்தது. முன் வாசலில் அடைத்த கதவைப் பின் வாசல் வழியாகத் திறந்துவிட்ட நினைவு, டிப்போக்களில் இன்னும் இருக்கும்.

பயணிக்கு இதில் என்ன? டைஸ்நான் எண்ணுவது வருகைப் பதிவேட்டை, பஸ்ஸை அல்ல. ஓட்டுநர் வந்து கையெழுத்துப் போட்டார், நடத்துநர் வரவில்லை என்றால் வண்டி நகராது. இருவரும் வந்தும் டிப்போ வாசலில் கொடியோடு பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அப்போதும் நகராது. வந்தவருக்குச் சம்பளம் உண்டு, நிர்வாகத்துக்கு வருகைப் புள்ளிவிவரம் உண்டு, திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் நிற்கும் உங்களுக்கு வண்டி மட்டும் இல்லை. ‘கேஎஸ்ஆர்டிசி ஓடும்’ என்ற வாக்கியத்தை நான் சம்பளக் கணக்கைப் பற்றிய அறிவிப்பாக மட்டுமே வாசிக்கிறேன். என் கணிப்பு: ஓடாது. ஓடினாலும் போலீஸ் காவலோடு ஒன்றிரண்டு.

அறிக்கைகளைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. அழைத்தது யார் என்று பாருங்கள். 2022 செப்டம்பர் 23இல் பாப்புலர் ஃப்ரண்ட் அமைப்பு திடீர் ஹர்த்தால் அறிவித்தபோது ஆனவண்டி ஓடியது. கல் விழுந்தது, கண்ணாடி நொறுங்கியது, சில ஓட்டுநர்கள் தலையில் ஹெல்மெட்டோடு ஸ்டீரிங் பிடித்தார்கள். சேதத்துக்கு 5.20 கோடி ரூபாய் கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம். வெளியார் அழைத்தால் ஓட்டுநர் வருவார். கல் வருமா என்பதுதான் கேள்வி. சொந்தச் சங்கம் அழைத்தால் ஓட்டுநரே வர மாட்டார். நாளையது இரண்டாவது வகை. சிஐடியு, ஐஎன்டியுசி இரண்டும் இதில் இருக்கின்றன. பிஎம்எஸ் மட்டும் விலகி நிற்கிறது.

பந்த், ஹர்த்தால், பணிமுடக்கு மூன்றும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். 1997 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு பந்த் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் ஏற்றது. பந்த் செத்தது, ஹர்த்தால் பிறந்தது, கடைகள் அதேபோல மூடின. 2019 ஜனவரியில் ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கடிவாளம் போட்டது. பணிமுடக்கு என்பது நம் வேலைநிறுத்தம்தான். என் வேலையை நான் நிறுத்துவது என்று தமிழ் சொல்கிறது. மலையாளச் சொல்லில் அடுத்தவர் வேலையும் முடங்கிப்போகும் தொனி, நம் காதுக்காவது, கேட்கிறது.

நாகர்கோவில் வழியாகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேரளத்தில் இப்படி ஏதாவது என்றால் தமிழ்நாட்டு பஸ்கள் எல்லையோரக் களியக்காவிளையோடு நின்றுவிடும். முன்பு ஒருமுறை அந்த ஸ்டாண்டில் நானும் இறங்கினேன். ‘அவ்வளவுதான், எறங்குங்க’ என்று நடத்துநர் விசில் கொடுத்ததும் கூட்டம் எல்லையை நோக்கி நடந்தது. முன்னால் போன அம்மா கையில் எக்ஸ்ரே உறை, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சீட்டு. ‘மக்கா, அந்தப் பக்கம் ஆட்டோ நிக்குமா?’ என்று கேட்டுக்கொண்டே போனார். நிற்கவில்லை. ஆகவே ரயில்: நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ ஏறினால் நேரே தம்பானூர் வாசலில்தான் இறங்குவீர்கள். சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஸ்டேஷனில் போலீஸாரைக் கேளுங்கள்; இத்தகைய நாட்களில் மருத்துவக் கல்லூரிப் பக்கம் அவர்கள் வண்டியில் கொண்டுபோய் விடுவது வழக்கம்.

மற்ற கேள்விகள்:

ரயில் ஓடுமா? ஓடும். மறியல் நடந்தால் தாமதமாகும்.

பத்மநாப சுவாமி கோயில்? திறந்திருக்கும், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான்.

கோவளம்? இன்றிரவே போய்த் தங்கிவிடுங்கள், இல்லையேல் வியாழக்கிழமை.

சாப்பாடு? தங்குமிடத்திலேயே சொல்லி வையுங்கள்.

விமானத்தைப் பிடிக்க? ஸ்டேஷனிலிருந்து தூரம் ஆறேழு கிலோமீட்டர்தான். விடியுமுன் கிளம்புங்கள், டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள். காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

10ஆம் தேதி காலை பஸ் சரியாகிவிடுமா? முதல் சில டிரிப்புகளை நம்ப வேண்டாம். வண்டி ஓரிடம், ஆள் ஓரிடம் என்று கிடக்கும்.

விமான நிலையத்தில் ஜூன் 14 முதல் மாட்டிக்கொண்டு நிற்கும் பிரிட்டிஷ் போர் விமானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? முடியாது. ஞாயிற்றுக்கிழமைதான் ஷெட்டுக்குள் இழுத்துப் போனார்கள்.