சாபம் காசாவுக்கு மட்டுந்தானா?

பெலிஸ்தர்! ஆங்கில அகராதியைப் புரட்டினால், கலையுணர்வு அற்றவன், பண்பாடு அறியாதவன் என்று அந்தப் பெயருக்குப் பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். தோற்றவன் பெயர் வசைச் சொல்லாவது உலக வழக்கம் போலும்! மண்ணைத் தோண்டியவர்கள் கண்டதென்ன? வண்ணம் தீட்டிய அழகிய மட்பாண்டங்கள்! எக்ரோன் நகரில் நூற்றுக்கு மேற்பட்ட ஒலிவ எண்ணெய்ச் செக்குகள்! பண்பாடு அற்றவனா இவற்றைப் படைத்தான்?

கி.மு. 12ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து, காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத் ஆகிய ஐந்து நகரங்களில் அரசோச்சியவர்கள் அவர்கள். அண்டையிலிருந்த எபிரேயர்களுக்கும் அவர்களுக்கும் தீராப் பகை. இஸ்ரவேலில் ஒரு கொல்லன்கூட இல்லாதபடி பெலிஸ்தர் பார்த்துக்கொண்டார்கள் என்கிறது பழைய ஏற்பாடு. உழவன் தன் கலப்பைக் கொழுவைத் தீட்டவும் பெலிஸ்தரிடம் போய்க் கூலி கொடுக்க வேண்டும். இரும்பு எவன் கையிலோ, அதிகாரம் அவன் கையில்!

ஆகவே எபிரேயத் தீர்க்கதரிசிகள் பெலிஸ்தர்மீது சீறினார்கள். எரேமியா சீறினார், எசேக்கியேல் சீறினார். செப்பனியா அந்த நகரங்களின் பெயர்களையே எபிரேய மொழியில் சிலேடையாக்கிச் சாபமிட்டார்.

ஆனால், தோழர்களே, அவர்களுக்கெல்லாம் முன்னவரான ஆமோஸ் சொன்னதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். தெக்கோவா ஊரின் மந்தை மேய்ப்பவர் அவர், காட்டத்தி மரங்களைப் பண்படுத்தியவர், புரோகிதப் பரம்பரையல்லர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அவர் காசாவின்மீது சாட்டிய குற்றம் யாது? வேறு தெய்வத்தை வணங்கினாய் என்பதா? வேறு மொழி பேசினாய் என்பதா? இல்லை! ஊர் ஊராக மக்களைச் சிறைபிடித்து ஏதோமியருக்கு அடிமைகளாக விற்றாய் என்பதே குற்றச்சாட்டு! மனிதனைச் சரக்காக்கிய குற்றம்!

தமஸ்கு, காசா, தீரு, ஏதோம் என்று அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றினார். இஸ்ரவேலர் மகிழ்ந்து கேட்டிருப்பார்கள். பகைவனைத் திட்டினால் கேட்கக் கசக்குமா? கடைசியில் விரல் அவர்கள் பக்கமே திரும்பியது! ஒரு சோடிச் செருப்புக்காக ஏழையை விற்கிறீர்களே, மரக்காலைச் சிறிதாக்கிக் கள்ளத் தராசு பிடிக்கிறீர்களே, பதரைக் கோதுமையென்று விற்கிறீர்களே என்று கேட்டார். காசாவுக்கு ஒரு நீதி, நமக்கொரு நீதியா?

அதுமட்டுமா? இஸ்ரவேலை எகிப்திலிருந்து கொண்டுவந்த அதே கடவுள்தான் பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்து கொண்டுவந்தார் என்றும் சொன்னார். பெத்தேல் கோயில் குருக்கள் அமத்சியாவுக்குப் பொறுக்கவில்லை. இது அரசனுடைய ஆலயம், இங்கே பேசாதே, யூதாவுக்கு ஓடிப்போ என்று விரட்டினார். காசாவைக் கண்டித்தபோது தீர்க்கதரிசி. கள்ளத் தராசைக் கண்டித்தபோது கலகக்காரன்!

தீர்ப்பு எப்படி நிறைவேறியது? வானத்திலிருந்து நெருப்பு விழவில்லை. பேரரசுகளின் படைகள் வந்தன. கி.மு. 734இல் காசாவும், 711இல் அஸ்தோத்தும் அசீரியருக்கு வீழ்ந்தன. 604இல் அஸ்கலோனைப் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் தரைமட்டமாக்கினான். அதே அசீரிய வாள் கி.மு. 722 அளவில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவையும் வீழ்த்தியது. அதே பாபிலோனியத் தீ 586 அளவில் எருசலேமையும் எரித்தது. விற்றவனும் வீழ்ந்தான், விற்கப்பட்டவனும் வீழ்ந்தான், கொழுத்தது பேரரசு!

பெலிஸ்தர் என்ற தனி இனம் அதற்குப்பின் வரலாற்றிலிருந்து மறைந்தது. பாலஸ்தீனம் என்ற பெயரில் மட்டுமே அவர்கள் நினைவு நிற்கிறது. இன்று காசாவில் வாழ்பவர்கள் அரபு மொழி பேசும் மக்கள். 2,600 ஆண்டுகளுக்கு முந்திய சாபத்தைத் தூசு தட்டி எடுத்து, இன்றைய குழந்தைகளின் தலையில் சுமத்துவது பக்தியுமன்று, பகுத்தறிவுமன்று.

மாற்றான் குற்றத்தை மேடைபோட்டு முழங்குவது எளிது. அதே தராசில் தன் இனத்தை, தன் அரசனை, தன் கூட்டத்தையும் நிறுத்துக் காட்டத்தான் நெஞ்சுரம் வேண்டும். மேய்ப்பன் ஆமோசுக்கு அந்த நெஞ்சுரம் இருந்தது. உழைப்பவன் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் எவருக்கும் அது இருந்தே தீரவேண்டும்!